கடற்கன்னிப் படம் பார்த்த பிறகு: மாறுபட்ட கருத்துகளைக் கூடிப் பேசும் முறை

பழைய தேவதைக் கதை ஒன்றை நடிகர்களை வைத்து மீண்டும் படமாக எடுக்கும்போதெல்லாம், பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். டிஸ்னி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்துக்கும், 2025இல் வெளியிட்ட ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்கும் உலகெங்கும் இதுவே நேர்ந்தது. நெல்லைச் சீமையின் நூலக வாசகர் வட்டங்களிலும் பள்ளி மன்றங்களிலும் இந்தப் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ‘நன்றாக இருந்தது’ என்று சிலரும் ‘பழசைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று சிலரும் சொல்லிவிட்டு, அதற்குமேல் நகர வழியில்லாமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன். ஒரு கதை ஏன் மாறுகிறது, யார் அதை மாற்றுகிறார்கள், எந்த மாற்றத்தை நாம் ஏற்கிறோம் என்பதைக் குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்க இதைவிட எளிய வாய்ப்பு கிடைப்பதில்லை. அப்படியொரு கூட்டத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கடற்கன்னிக் கதையையே முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். உவரியும் கூத்தங்குழியும் இடிந்தகரையும் இருக்கிற மாவட்டத்தில் கடலைப் பற்றிய கதைக்குக் கேட்பவர் குறைவில்லை.

முதலில் ‘மூலம்’ எது என்று கேளுங்கள்

படத்தைப் பற்றிய தீர்ப்பை யாரிடமும் முதலில் கேட்காதீர்கள். ‘இந்தக் கதையை நீங்கள் முதன்முதலில் எங்கே, எந்த வடிவத்தில் அறிந்தீர்கள்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதில்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். கருத்து வேறுபாட்டில் பெரும்பகுதி இங்கேயே வெளிப்பட்டுவிடும். 1989இல் வந்த அனிமேஷன் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவருக்கு அதன் பாடல்களும் செந்நிறக் கூந்தலுமே மூலம். பள்ளியில் சுருக்கக் கதையாகப் படித்தவருக்கு இளவரசன் வேறொருத்தியை மணக்கும் சோகம் மூலம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு 2023ஆம் ஆண்டுப் படமே முதல் வடிவம். அவளுக்கு எதுவும் ‘கெடவில்லை’.

ஒரு கூட்டத்தில் இது எப்படி வெளிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், புதிய படம் கதையைச் சிதைத்துவிட்டது என்று சற்றுக் கோபமாகவே சொன்னார். பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் இளம் தாய், மிகுந்த மரியாதையோடு அவரிடம் கேட்டார்: “அண்ணாச்சி, கதையக் கெடுத்துட்டாங்கன்னு சொல்லுதிய. எந்தக் கதைய? புஸ்தகத்துல அவளுக்குக் கல்யாணமே நடக்கலல்லா?” பெரியவர் சிறிது யோசித்துவிட்டு, “அது எனக்குத் தெரியாதும்மா, நான் படத்தத்தான் சொல்லுதேன்” என்றார். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு கூட்டத்தின் போக்கே மாறியது. தாம் பாதுகாக்க நினைப்பது டென்மார்க்கில் எழுதப்பட்ட கதையையா, தம் பிள்ளைகளோடு பார்த்த ஒரு படத்தின் நினைவையா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கினர். நினைவைப் பாதுகாக்க விரும்புவதில் தவறே இல்லை. அது இன்னதென்று தெரிந்து பாதுகாக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டம் முடிந்ததும், நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையை வாய்மொழியாகச் சொல்லச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். படித்துக் காட்டுவதைவிடச் சொல்வதே நல்லது. கேட்பவர்கள் இடையில் கேள்வி கேட்கலாம். சில இடங்களை மட்டும் விடாமல் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கன்னிக்கு அந்தக் கதையில் பெயர் கிடையாது. பதினைந்து வயது நிறைந்த நாளில் பாட்டி அவளை அலங்கரித்து, அரசகுலத்தின் அடையாளமாக எட்டுச் சிப்பிகளை அவள் வாலில் கவ்வச் செய்கிறாள். வலிக்கிறது என்று அவள் சொல்ல, உயர்ந்த நிலைக்கு வலியும் உண்டு என்று பாட்டி பதில் சொல்கிறாள். மனிதர்களுக்கு அழியாத ஆன்மா உண்டு, கடல்வாழ் மக்களோ முந்நூறு ஆண்டு வாழ்ந்து நுரையாகிப் போவார்கள் என்று அறிந்துதான் அவள் ஏங்குகிறாள். இளவரசன் மீதான காதலும் அந்த ஏக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வாலுக்குப் பதிலாகக் கால்களைக் கொடுக்கும் சூனியக்காரி, அதற்கு விலையாக அவள் குரலைக் கேட்டு நாவை அறுத்தெடுக்கிறாள். கிடைத்த கால்களால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போல் வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அக்காமார் தங்கள் கூந்தலைக் கொடுத்து வாங்கி வந்த கத்தியால் அவனைக் குத்தினால் அவள் பிழைப்பாள். அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிடுகிறாள். பிறகு நுரையாகி, காற்றின் மகள்களோடு சேர்ந்து, முந்நூறு ஆண்டு நற்செயல் செய்து ஆன்மாவைப் பெறும் வாய்ப்பை அடைகிறாள்.

சிறு பிள்ளைகளுக்கு நாவறுக்கும் பகுதியைச் சொல்லலாமா என்று பெற்றோர் தயங்குவார்கள். சொல்லலாம் என்பதே என் கருத்து. ஆச்சிமார் சொன்ன கதைகளில் இதைவிடக் கொடியவை உண்டு. அருகில் பெரியவர் இருந்து நிதானமாகச் சொல்லும்போது பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

வில்லுப்பாட்டை நினைவில் கொண்டு வாருங்கள்

‘கதையை மாற்றவே கூடாது’ என்ற வாதமும், ‘கதை என்றால் மாறத்தான் செய்யும்’ என்ற வாதமும் மோதும் இடத்தில் பொதுவான பேச்சால் பயன் இல்லை. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பேசச் சொல்லுங்கள். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி, குடமும் உடுக்கும் தாளமும் சேர, எல்லாருக்கும் தெரிந்த, கோயில் தெய்வத்தின் கதையைத்தான் பாடுகிறார். வருணனையை நீட்டலாம், நடப்புச் செய்தியை இடையில் சேர்க்கலாம், கேட்பவர்கள் அதை ரசிப்பார்கள். ஆனால் அந்தத் தெய்வம் மாண்டு தெய்வமாகும் கட்டத்தை அவர் மனம்போல மாற்ற முடியாது. சாமியாடிக்கு அருள் வருவது அந்தக் கட்டத்தை ஒட்டித்தான். அங்கே ஓர் அடி விலகினாலும் கோயிலைச் சேர்ந்தவர்கள் கேட்டுவிடுவார்கள். ஆகவே, மாற்றத்துக்கு இடம் கொடுக்கும் பகுதியும் இடம் கொடுக்காத பகுதியும் ஒரே கதைக்குள் இருக்கின்றன. அந்த எல்லையைக் கதையைத் தமதாகக் கருதும் மக்கள் வகுக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டவர்கள், 1989 படத்தின் பாடல் ஒன்றில் சில வரிகளை மாற்றியதற்காக எங்கோ ஒரு ரசிகர் ஏன் அவ்வளவு வருந்துகிறார் என்பதையும் பரிவோடு புரிந்துகொள்வார்கள்.

பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனின் கதையை இங்கே எடுத்துக்கொள்வது மிகவும் பயன்படும். பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா ஆகியோரை மணக்க விரும்பி, பூணூலையும் குடுமியையும் துறந்து, செருப்புத் தைக்கக் கற்று, கடைசியில் மாடுகளைக் காக்கப் போய் உயிர் விடுகிறான். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை அவர்களை எடுத்து வளர்த்தான் என்று சொல்லும் வடிவமும் உண்டு. நாங்குநேரியில் பிறந்து நாட்டார் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த நா. வானமாமலை (1917–1980) போன்றோரின் உழைப்பால்தான் இத்தகைய வடிவங்களை நாம் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. பிறப்பைப் பற்றிய அந்த ஒரு சேர்க்கை கதையின் உயிரையே எடுத்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்: சாதியை மீறிய மணம், சாதிக்குள் நடந்த மணமாகிவிடுகிறது. இந்த எடுத்துக்காட்டைக் கூட்டத்தில் வைத்தால், ‘மாற்றம் நல்லதா கெட்டதா’ என்ற கேள்வி விலகி, ‘இந்த மாற்றம் யாருக்கு வசதியாக இருக்கிறது, கதையிலிருந்து எதை எடுத்துவிடுகிறது, எதைச் சேர்க்கிறது’ என்ற கேள்வி முன்னே வரும். அந்தக் கேள்வியை எழுதி எல்லாருக்கும் தெரியும்படி மாட்டிவைத்துவிட்டு, பிறகு படத்துக்குத் திரும்புங்கள்.

ஓரிரு காட்சிகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்

2023ஆம் ஆண்டுப் படம் 135 நிமிடம் ஓடுகிறது. 1989 படம் 83 நிமிடம். கூடுதலாக வந்த இந்த நேரத்தில் புதிய பாடல்கள், இளவரசனுக்கு ஒரு வளர்ப்புத் தாயான அரசி, இருவரும் தீவைச் சுற்றிப் பார்க்கும் நீண்ட பகுதி எனப் பலவும் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் பற்றிப் பேச முயன்றால் எதைப் பற்றியும் பேச முடியாது. இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, சூனியக்காரியோடு செய்யும் ஒப்பந்தம். 1989 படத்தில் மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் இளவரசனின் முத்தத்தைப் பெற வேண்டும் என்ற நிபந்தனை ஏரியலுக்கு (டிஸ்னி படங்களில் கடற்கன்னியின் பெயர் இது) தெரியும். தெரிந்தும் பேச முடியாமல் தவிக்கிறாள். புதிய படத்தில் அதே நிபந்தனை உண்டு, ஆனால் அந்த நிபந்தனையையே அவள் மறந்துவிடும்படி சூனியக்காரி மந்திரத்தில் ஒரு சூழ்ச்சி செய்கிறாள். முத்தத்தைத் துரத்திச் செல்லும் பெண்ணாக அவளைக் காட்டாமல், உலகத்தைக் கண்டு வியக்கும் பெண்ணாகக் காட்ட இந்த மாற்றம் உதவுகிறது என்று ஒரு சாரார் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. என் கருத்து வேறு. ஆண்டர்சனின் கதை முழுவதும், விலை இன்னதென்று அறிந்து கொடுப்பதன் மேல் நிற்கிறது. கத்தியை எறியும் கடைசிச் செயலுக்கு வலிமை வருவதும் அவள் எல்லாவற்றையும் அறிந்து அதைச் செய்வதால்தான். நிபந்தனையை மறந்த பெண்ணிடம் அந்தப் பெருமை குறைகிறது. பார்ப்பவருக்கு மட்டும் பதற்றம் இருக்கிறது, அவளுக்கு இல்லை. கூட்டத்தில் என் கருத்தை மறுத்தவர்களே அதிகம். அவர்கள் தம் மறுப்புக்கு இளவரசனும் அவளும் படகில் அமர்ந்திருக்கும் காட்சியைச் சான்றாகக் காட்டிப் பேசினார்கள். அப்படிக் காட்சியைச் சுட்டிப் பேசப் பழகுவதே இந்தக் கூட்டத்தின் பயன்.

இரண்டாவது, சூனியக்காரியின் முடிவு. 1989இல் இளவரசன் கப்பலைச் செலுத்தி அவளைக் குத்திக் கொல்கிறான். 2023இல் அதே கப்பலை ஏரியலே செலுத்துகிறாள். ஆண்டர்சனிடம் சூனியக்காரி சாவதே இல்லை. கேட்டதைக் கொடுத்து, விலையைப் பெற்றுக்கொண்டு, தன் இருப்பிடத்தில் இருந்துவிடுகிறாள். இந்த மூன்றையும் பலகையில் வரிசையாக எழுதிவிட்டுச் சற்று அமைதியாக இருங்கள். கப்பலின் சுக்கானைப் பெண் கையில் கொடுத்ததைப் பலர் வரவேற்பார்கள், நானும் வரவேற்கிறேன். கொல்லப்பட வேண்டிய பகைவர் ஒருவர் கதைக்குத் தேவையா என்ற ஆழமான கேள்வியை யாராவது ஒருவர் எழுப்புவார். பெரும்பாலும் அது ஒரு பள்ளி மாணவியாக இருக்கும்.

படத்தின் தோற்றத்தைப் பற்றியும் ஒரு குறை பரவலாகச் சொல்லப்பட்டது. கடலடிக் காட்சிகள் இருண்டிருக்கின்றன, நண்டும் மீனும் உண்மையான உயிரினங்களைப் போல இருப்பதால் அவற்றின் முகத்தில் உணர்ச்சி தெரிவதில்லை என்பதே அந்தக் குறை. வரைந்த நண்டுக்குப் புருவம் கொடுக்கலாம், வாயை விரிக்கலாம். உண்மை நண்டைப் போலச் செய்த உருவத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இந்தக் குறையைப் பேச மீனவர் வீட்டுப் பிள்ளைகளை முதலில் அழையுங்கள். உவரிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, “டீச்சர், கடலுக்குள்ள முங்குனா இருட்டாத்தான் இருக்கும், இதுல காட்டுதது பரவால்ல. ஆனா நண்டு பாடும்போதுதான் சிரிப்பு வரல” என்றாள். ஒரே மூச்சில் அவள் இரண்டு செய்திகளைப் பிரித்துவிட்டாள்: உண்மைக்கு அருகில் இருப்பது ஓரிடத்தில் குறையாகாது, இன்னோரிடத்தில் கதைக்குத் தடையாகும். பாடும் நண்டு என்பதே உண்மைக்கு வெளியே இருக்கிறது. அதற்கு உண்மையான நண்டின் முகத்தைக் கொடுத்ததால் அந்தக் கற்பனை தன் இடத்தை இழக்கிறது.

நிறத்தைப் பற்றிய பேச்சைத் தவிர்க்காதீர்கள்

ஏரியலாக ஹாலி பெய்லி நடிப்பார் என்று 2019இல் அறிவிக்கப்பட்டபோதே, கறுப்பினப் பெண்ணைத் தேர்ந்தெடுத்ததை எதிர்த்து இணையத்தில் பெரும் கூச்சல் எழுந்தது. பிறகு 2022இல் வந்த முன்னோட்டத்தில் அவரைக் கண்டு மகிழ்ந்து துள்ளிய கறுப்பினச் சிறுமிகளின் காணொளிகளும் எங்கும் பரவின. நம் கூட்டங்களில் இந்தப் பகுதியை நடத்துபவர்கள் நழுவிச் செல்வதைப் பார்க்கிறேன். நழுவக் கூடாது. நிறத்தை வைத்துப் பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை ஒன்றாவது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைக் காரணம் காட்டித் திரும்பிப் போன வீடும் அந்தத் தெருவில் இருக்கும்.

பேசும்போது நேர்மை வேண்டும். ‘மூலக்கதையில் நிறமே சொல்லப்படவில்லை’ என்று சிலர் எளிதாக வாதிடுகிறார்கள்; அது சரியன்று. கடற்கன்னியின் மேனி ரோஜா இதழைப் போன்றது என்றும், கண்கள் ஆழ்கடலைப் போல நீலமானவை என்றும் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கதை நடப்பதற்கு அவளிடம் கட்டாயம் இருக்க வேண்டியது எது? கதையைச் சற்று முன்பு கேட்டவர்கள் ‘குரல்’ என்று உடனே சொல்வார்கள். கடலிலும் நிலத்திலும் அவளுக்கு இணையான குரல் இல்லை என்பதால்தான் சூனியக்காரி அதை விலையாகக் கேட்கிறாள். நிறம் மாறினால் கதை நடக்கும். குரல் இல்லாவிட்டால் கதையே இல்லை. தன் சகோதரியோடு சேர்ந்து பாடகியாகப் புகழ்பெற்ற பெய்லி அந்தக் குரலைக் கொண்டு வந்தார் என்பதைப் படத்தின் மற்ற பகுதிகள் பிடிக்காத பலரும்கூட ஒப்புக்கொண்டார்கள். படத்தின் திரைக்கதையைக் குறை சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு; நடிகையின் தோலைக் குறை சொல்வது விமரிசனம் ஆகாது என்பதை ஒருங்கிணைப்பாளர் தயக்கமின்றிச் சொல்லி, அப்படிப் பேசுபவரை அங்கேயே நிறுத்த வேண்டும். பிள்ளைகளின் முன்னால் இதில் நடுநிலை காட்டுவது நல்லதன்று.

வசூலைச் சான்றாகக் கொண்டுவருபவர்களும் இருப்பார்கள். 2017இல் வந்த ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது, ‘ஸ்னோ ஒயிட்’ போட்ட பணத்தையே எடுக்கத் திணறியது என்பவை உண்மைதான். அவை சந்தை நிலையைச் சொல்லும் செய்திகள். ஒரு காட்சி சரியாக அமைந்ததா என்பதற்கு அவற்றில் விடை இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் இதற்கு ஒதுக்க வேண்டாம். நடிகர்கள் பேட்டிகளில் சொன்ன அரசியல் கருத்துகளுக்கும் இது பொருந்தும்.

எழுதி வைக்கும் முறை

கூட்டம் கலைவதற்கு முன், வந்தவர்கள் ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுதித் தருமாறு கேளுங்கள். ‘படம் எப்படி?’ என்று தலைப்புக் கொடுத்தால் பொதுவான புகழும் இகழும்தான் வரும். ‘மாற்றப்பட்ட ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, அந்த மாற்றத்தால் கதை எதைப் பெற்றது, எதை இழந்தது என்று எழுதுக’ என்று கொடுங்கள். எழுத்துப் பழக்கம் இல்லாத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள், திருத்த வேண்டாம். தாள்களைச் சேர்த்து ஒரு நோட்டில் ஒட்டி நூலகத்தில் வைத்தால், அடுத்த படம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அடுத்த கூட்டத்துக்கு ‘ஸ்னோ ஒயிட்’ கதையை எடுத்துக்கொள்ள எண்ணினால், இப்போதே சில வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் அந்தப் பெண்ணைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். பிந்தைய பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். அவர்களின் கதையில் முத்தத்தால் உயிர் வருவதில்லை. பெட்டியைச் சுமந்து செல்பவர்கள் இடறும்போது தொண்டையிலிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. இந்த இரண்டையும் சொல்லும் பொறுப்பை ஒருவர் ஏற்கட்டும். 1937ஆம் ஆண்டு அனிமேஷன் படத்தை இன்னொருவர் பார்த்து வரட்டும். புதிய படத்தில் ஏழு குள்ளர்களையும் நடிகர்களைத் திரையில் காட்டாமல் கணினியில் உருவாக்கியதைப் பற்றி, குள்ளமானவர்களைப் பழைய கேலிக் கண்ணோட்டத்தில் காட்டக் கூடாது என்ற வாதமும், எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை போய்விட்டது என்று உயரம் குறைந்த நடிகர்கள் சிலர் முன்வைத்த வாதமும் எழுந்தன. இரண்டையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்து, இரண்டுக்கும் சம நேரம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். முத்துப்பட்டன் கதையைச் சென்ற கூட்டத்தில் கேட்காதவர்கள் வருவார்களானால், அதை அறிந்த வில்லிசைக் கலைஞர் ஒருவரை அழைத்து, பிறப்பை மாற்றிச் சொல்லும் அந்தப் பகுதியை மட்டும் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாயை மாற்றாந்தாயாக்கிய கிரிம் பதிப்பிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.